சாக்கு வேலிக்கு மேலே

மாத்தளைக்கு அந்தக் கார்னிவல் வந்தபோது நான் எஸ்.எஸ்.ஸி. தேறிவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்; ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாப்பா மிளகும் கொக்கோவும் வாங்கி விற்பவர். தன் பெயரைத் தமிழில் எழுதுவார். அதற்கு மேல் எழுத வேண்டியதைக் கடைக் கணக்கப்பிள்ளை எழுதுவார். உம்மா குர்ஆன் ஓதுவார், அரபு எழுத்தில் அச்சான தமிழ்க் கிதாபுகளை வாசிப்பார், ஆனால் பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை வாசிக்கத் தெரியாது. நான் தமிழும் இங்கிலீசும் வாசிப்பேன். சிங்களம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியே வந்துவிட்டது. இதையெல்லாம் நான் அடக்கமாக வைத்துக்கொண்டவள் இல்லை. வீட்டுக்கு மருந்துப் போத்தல் வந்தால் அதன் மேல் ஒட்டியிருப்பதை முழுவதும் உரக்க வாசித்த பிறகுதான் மூடியைத் திறக்க விடுவேன்.

ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். வாப்பா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கண்டிப் பக்கத்து வியாபாரி வீடு ஒன்றிலிருந்து என்னைக் கேட்டு இரண்டு முறை ஆள் வந்து போயிருந்தது. அதையும் அவர் அப்படியே நிறுத்தி வைத்திருந்தார்.

மாமிதான் வாப்பாவுக்கும் சேர்த்துப் பேசினார். மாமி வாப்பாவின் மூத்த சகோதரி. கணவர் இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கியவர். நான் ஆட்டுக்கல்லில் மாவரைக்க உட்காரும் நேரம் பார்த்துத்தான் தொடங்குவார்.

"கலாசாலைக்குப் போகப்போறாளாம். நாளைக்கு புருஷன் ஊட்டுல தேங்கா துருவச் சொன்னா அதுக்கும் சேட்டிபிக்கட் ஈக்குதான்னு கேப்பாள்."

"இல்ல மாமி. துருவுறதுக்கு ஒங்களக் கூட்டிட்டுப் போவேன்."

"பாத்தியா மச்சி ஒன்ட மகள்ட வாய!" என்று உம்மாவிடம் திரும்புவார். உம்மா இரண்டு பக்கமும் சேராமல் அரிசியில் கல் பொறுக்குவார்.

கார்னிவல் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த வெளியில் இறங்கியது. ஆண்களும் பையன்களும் ஒவ்வொரு மாலையும் போனார்கள். எங்களுக்கு வந்தது சத்தம் மட்டும்தான். ஒலிபெருக்கிப் பாட்டு, மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் உறுமுவது, இடையிடையே கூட்டம் ஓவென்று கத்துவது. உம்மா சமையலறை வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பார். எதையும் கேட்க மாட்டார். கேட்டுக்கொண்டு மட்டும் நிற்பார்.

பிறகு ஒரு காலை ஒலிபெருக்கி கட்டிய கார் எங்கள் தெரு வழியாக வந்தது. வரும் புதன்கிழமை பெண்களுக்கு மட்டும். ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஊர் முஸ்லிம் வியாபாரிகள் போய்க் கேட்டதால் கார்னிவல் முதலாளி சம்மதித்தாராம். வெளியைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேலே மறைப்புக் கட்ட வேண்டும், நுழைவாசலில் பெண்கள்தான் நிற்க வேண்டும், எஞ்சின் ஓட்டுகிறவன் திரைக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். மறைப்புக்கான சாக்குகளைக் கடைக்காரர்களே கொடுத்தார்கள். வாப்பாவும் கொடுத்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, போகலாமா என்று நான் கேட்டேன். வாப்பா சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வாயைத் துடைத்துக்கொண்ட பிறகு பதில் சொன்னார்.

"ஒங்கும்மாவும் போகணுமா?"

உம்மா தலையைக் குனிந்துகொண்டார். மாமி, "நான் போகத்தான் போறேன். மரணக் கிணறு பாக்காம மௌத்தாக எனக்கு ஏலாது" என்றார்.

வாப்பா என்னைப் பார்த்தார். "நீ படிச்சவள்தானே. இந்த ரெண்டு பேரையும் நீ கூட்டிட்டுப் போ. ஒருத்தன்ட கண்ணிலயும் படாம மானமா திருப்பிக் கூட்டிட்டு வா. ஊட்டுப் பொம்புளைகள ஒரு நாள் காப்பாத்த ஏலுமான்னு பாக்கிறேன். அதுக்குப் பொறகு ஒன்ட கலாசாலைக் கதைய பேசுவோம்."

அவர் ஒரு விஷயத்தை இவ்வளவு நீளமாக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஒரு நாள், ஒரு வெளி, இரண்டு பெண்கள். இதைவிடக் கடினமான கேள்விகளுக்கு நான் பதில் எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன், வாப்பா என்னை அந்த வெளிக்குக் கூட்டிப் போனார். வேலியை நானே பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். கமுகு மரக் கம்புகளில் சாக்குகளை விரித்துத் தைத்திருந்தார்கள். மிளகுச் சாக்குகள், கொக்கோச் சாக்குகள். ஈரக் காற்றில் மிளகு நெடி ஏறியது. நான் கோணி ஊசியும் சணலும் கொண்டுபோயிருந்தேன். வேலியைச் சுற்றி நடந்து, சாக்கும் சாக்கும் சேரும் இடங்களில் இடைவெளி தெரிந்தால் தைத்தேன். கீழே கிளம்பியிருந்த ஓரங்களைக் கல் வைத்து அமர்த்தினேன். வாப்பா பின்னால் நடந்து வந்தார். முடிந்ததும் நான் சொன்னேன்:

"எறும்பு பாக்கிற ஓட்ட கூட இல்ல வாப்பா."

அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நான் வீடு வரை சுமந்து வந்தேன்.

அன்று முழுவதும் நாளைத் திட்டமிட்டேன். ஒரே ஒரு நாள்தான், எதையும் விடக்கூடாது. முதலில் குதிரை ராட்டினம், கூட்டம் சேருமுன். பிறகு வளையம் எறிவது. வெயில் ஏறும்போது கூடாரத்துக்குள் இருக்கும் கண்ணாடிகள். நடுப்பகல் லுஹருக்கு முன் பெரிய ராட்டினம். தொழுகை, சாப்பாடு, பிறகு விட்டுப்போனவை. உம்மாவிடமும் மாமியிடமும் இதை ஒப்பித்துக் காட்டினேன். "இது கார்னிவலா, பரீட்சையா?" என்றார் மாமி.

புதன்கிழமை திரை போட்ட காரில் போய் இறங்கினோம். உள்ளே காலடி வைத்ததும் உம்மா நின்றுவிட்டார். திறந்த வெளி, நடுப் பகல், சுற்றிலும் பெண்கள் மட்டும். சிங்களப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கந்தோர்களில் உத்தியோகம் பார்ப்பவர்களின் யாழ்ப்பாணத்து மனைவிமார் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வந்த பெண்கள் கும்பலாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். எங்கள் தெருப் பெண்கள், திருமண வீட்டில் தவிர வேறெங்கும் நான் காணாதவர்கள், முக்காட்டைத் தளர்த்திவிட்டு ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள். வேலி ஓரமாகப் போனவர்கள் எல்லோரும் தும்மினார்கள்.

"வாங்க, வாங்க உம்மா. குதிரைக்கு."

"கொஞ்சம் நிண்டு பாக்க விடு மனே."

"நிண்டு பாக்கிறத்துக்கு நேரமில்ல."

உம்மா குதிரையில் ஒரு பக்கமாக உட்கார்ந்தார், ரயில் கோச்சியில் உட்காருவதுபோல. முதல் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது சுற்றில் குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். கண்ணாடிக் கூடாரத்தில் ஒரு கண்ணாடி மாமியை நெடிய ஒல்லிப் பெண்ணாக்கிக் காட்டியது. மாமி அதன் முன்னால் அசையாமல் நின்றார். "எங்கட ஊட்டுக் கண்ணாடி பிழ. இதுதான் சரியான கண்ணாடி" என்றார். மரணக் கிணறு மூடியிருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஆண்கள் என்பதால் அன்று காட்சி இல்லை. மாமி அந்தப் பலகைச் சுவரைச் சுற்றி வந்து, கையால் தட்டிப் பார்த்து, "வெறும் பீப்பா" என்று சபித்தார்.

பெரிய ராட்டினமும் நின்றிருந்தது. ராட்டினத்தைச் சுற்றவைக்கும் எஞ்சினின் வார் அறுந்துவிட்டதாம், கண்டியிலிருந்து புது வார் வரவேண்டுமாம். கார்னிவல் முதலாளியின் மனைவி, தடித்த, சிரித்த முகச் சிங்களப் பெண், இப்போது வந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். என் திட்டத்தில் ஓட்டை விழுந்தது. லுஹர் தொழுதோம், ரொட்டியும் பொரித்த இறைச்சியும் சாப்பிட்டோம், குதிரையில் மறுபடி ஏறினோம். உம்மா வளையம் எறிந்து குளிக்கிற சவர்க்காரக் கட்டி ஒன்றை வென்றார். ராட்டினம் அசையவில்லை.

"போதும் புள்ள. போவோம்" என்றார் மாமி. "கால் ரெண்டும் செத்துப் போச்சு."

"இவ்வளவு தூரம் வந்து ராட்டினத்தில ஏறாமப் போனா இந்த நாளே வீண் மாமி."

உம்மா ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தார். "இருந்துட்டுப் போவோமே" என்றார். அன்று அவர் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் எஞ்சின் முக்கிக்கொண்டு கிளம்பியது. நான் இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. எஞ்சினும் அதை ஓட்டுகிறவனும் சாக்குத் திரைக்குப் பின்னால். அவனுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. கல் போட்ட தகர டப்பா ஒன்றை முதலாளியின் மகள் கையில் வைத்திருந்தாள். அவள் குலுக்கினால் நிறுத்துவான், மறுபடி குலுக்கினால் ஓட்டுவான். உம்மாவும் நானும் முதல் தொட்டிலில் ஏறினோம். ராட்டினம் கொஞ்சம் நகர்ந்து நின்றது. மாமி கால் வலியோடு பின்தங்கினார்; மற்றவர்களை ஏறவிட்டு, பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியோடு பிறகுதான் ஏறினார். இப்படி ஒவ்வொரு தொட்டிலாக நிரம்ப நிரம்ப நாங்கள் மேலே போனோம். உச்சிக்கு வந்ததும் எங்கள் தொட்டில் நின்று மெல்ல ஆடியது.

நான் என் ஊரைப் பார்த்தேன். பத்தொன்பது வருடம் அந்த ஊரில் இருந்தும் சந்துகளாகவும் சுவர்களாகவும் மட்டுமே அது எனக்குத் தெரியும். இப்போது அது முழுதாக, தட்டில் வைத்ததுபோல, கீழே இருந்தது. முத்துமாரியம்மன் கோயில் கோபுரம், பள்ளிவாசல் மினாரா, கோச்சிப் பாதை வந்து முடிகிற ஸ்டேஷன், அந்தப் பக்கம் இரத்தோட்டைக்கு மேலே நீல மலைகள். நான் படித்த பள்ளிக்கூடத்தின் முற்றம்கூடத் தெரிந்தது. காற்று முக்காட்டைத் தூக்கிக் கழுத்தில் போட்டது. நான் அதை எடுத்துப் போடவில்லை. கையை உயர்த்தி, வாய்விட்டுச் சிரித்து, ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

உம்மா வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது எங்கட ஊடுதானே?" என்றார். "ஓ" என்றேன். "குசினிக்கு மேல ஒரு ஓடு ஒடஞ்சீக்குது பாரு. நான் இவ்வளவு காலமும் சுவர்தான் ஊறுதுண்டு நெனச்சேன்."

நான் சமையலறைக் கூரையில் அந்த உடைந்த ஓட்டைத் தேடினேன். அப்போதுதான் இடையில் கிடந்த கடைத்தெரு கண்ணில் பட்டது.

அஸர் தொழுதுவிட்டு ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் போகவில்லை. நடுத் தெருவில் நின்றார்கள், எல்லோரும் ஒரே பக்கம், முகங்கள் மேலே. கடைகளின் மாடியிலும் ஆட்கள். சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஒருவன். யாரோ சீட்டியடித்தான். வேறு யாரோ நான் கையை உயர்த்தியதுபோலவே கையை உயர்த்திக் காட்டினான். அப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

வேலியை நான் கவனமாகத் தைத்திருந்தேன். ஊரில் அத்தனை பெரிய மனிதர்களும் கூடி நிபந்தனை போட்டிருந்தார்கள். வேலியைவிட ராட்டினம் உயரம் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. பெண்கள் அதில் ஏறி மேலே வருவார்கள் என்று தெரிந்தேதான் எல்லோரும் சாக்குக் கொடுத்தோம்.

முக்காட்டை இழுத்து முகம் வரை போட்டேன். பிரயோசனமில்லை. என் சேலை அன்று நான் விரும்பித் தெரிந்தெடுத்த மாம்பழ மஞ்சள். அதை மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. "உம்மா, குனிங்க" என்றேன். "ஏன்?" என்று கேட்டவர் என் முகத்தைப் பார்த்து, கீழே பார்த்து, புரிந்துகொண்டார். நாங்கள் இருவரும் தொட்டிலின் அடியில் குந்தினோம். தொட்டில் சாய்ந்தது, மறுபடி எழுந்து உட்கார வேண்டியதாயிற்று. தெருவில் இன்னொரு சிரிப்பு.

நகரட்டும், இப்போது நகர்ந்துவிடும் என்று காத்திருந்தேன். டப்பா குலுங்கியது. எஞ்சின் ஒரு முறை கனைத்தது, ஏதோ சாட்டை வீசியதுபோல் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. புது வார் கழன்று விழுந்துவிட்டது.

அந்த அமைதியில் திரைக்குப் பின்னால் இருந்தவன் சிங்களத்தில் கூப்பிட்டான்: வெளியே வந்துதான் வாரை மாட்டவேண்டும், வரட்டுமா? கீழே நின்ற பெண்கள் ஒரே குரலில் வேண்டாம் என்று அலறினார்கள். எங்களுக்குக் கீழே, தரைக்குப் பக்கமாக இருந்த தொட்டிலிலிருந்து மாமியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"அவன் வெளிய வந்தா நான் குதிச்சிருவேன்! அல்லாஹ்வுக்காகச் சொல்றேன், குதிச்சிருவேன்!"

"மாமி, குதிச்சா முழங்காலுதான் போகும், தர ஒங்களுக்குக் கிட்டத்தான்" என்றாள் பக்கத்துத் தெருக்காரி.

"நீ வாய மூடு!"

நான் கடைத்தெருவைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. வாப்பாவின் கடை எனக்கு நேரே இருந்தது. அவர் வாசலில் நின்றார், தொப்பியோடு, கைகள் இரண்டும் தொங்கியபடி. பக்கத்துக் கடைக்காரர் அவரிடம் ஏதோ கேட்டார். வாப்பா மேலே ஒரு தடவை பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கடைப் பலகையைத் தூக்கி வந்தார். ஒன்றை வைத்தார், அடுத்ததை எடுக்கப் போனார். கடையை மூடுகிற வேலையைக் கடையாட்கள்தான் செய்வார்கள். அன்று அவரே ஒவ்வொரு பலகையாகக் கொண்டுவந்து பொருத்தினார். அஸருக்குப் பிறகு, வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில், வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் மூடுவதுபோல் மூடினார்.

என் கலாசாலை அந்தப் பலகைகளுக்குப் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி நான் வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவேளை கொஞ்சம் மிஞ்சும் என்று ஒரு நினைப்பும் இருந்தது. ஆனால் கீழே பெண்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் வரக்கூடாது, நாங்கள் இறங்கவும் வேண்டும். முதலாளியின் மனைவி இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டு ஓடினார். நேரம் போகப் போகத் தெருவில் கூட்டம் கூடியது. உம்மா சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தினார். அவர் பயப்படவில்லை, குளிர்ந்தது.

நான் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் தொண்டை முழுவதையும் திறந்து சிங்களத்தில் கத்தினேன்: வெளியே வா! வாரை மாட்டு! பார்த்தாலும் பரவாயில்லை, வந்து மாட்டு!

உயரத்திலிருந்து கத்தினால் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதும் நான் படிக்காத பாடம். கடைத்தெரு முழுவதற்கும் அது கேட்டது. பரவாயில்லை என்ற சொல் குறிப்பாகத் தெளிவாகக் கேட்டதாம். "பரவாயில்லையாம்டா!" என்று ஒருவன் தமிழில் திருப்பிச் சொன்னது எனக்கே கேட்டது.

எஞ்சின்காரன் வந்தான். தலையில் ஒரு வெறும் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தான். நல்லவன், எங்கள் மானத்தை அவனும் காக்க நினைத்தான். முதலாளியின் மகள் அவனைக் கையைப் பிடித்து, வார் ஓடும் ராட்டினச் சக்கரத்துக்கு முன்னால் நிறுத்தினாள். சாக்குக்குள் இருந்தபடி வாரை எங்கே மாட்டுவது? தடவினான், தும்மினான், தவறவிட்டான். கடைசியில் குதிக்கப்போவதாகச் சொன்ன மாமியே பொறுமையிழந்து வழிகாட்டத் தொடங்கினார்.

"அந்தப் பக்கமில்ல, இந்தப் பக்கம்! ஓ... இன்னும்... அட, அதுக்கு மேல! சாக்கக் கழட்டித் தொலச்சுட்டு வேலயப் பாரு மனுசா!"

ராட்டினம் சுற்றியது. எங்களை இறக்கிவிட்டார்கள். இறங்கியதும் கீழே நின்ற பெண்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். யாரும் திட்டவில்லை. தோட்டத்துப் பெண் ஒருத்தி மட்டும், "நல்லாக் கத்துனீங்க தங்கச்சி, இல்லாட்டி ராத்திரி அங்கதான்" என்றாள். அவளை எனக்குக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. ஆனால் தலையைக் குனிந்துகொண்டு காருக்கு நடந்தேன்.

காரில் மாமி வழி முழுக்கக் கலிமாச் சொன்னார். வீட்டுக்கு வந்தால் வாசலில் மூன்று நான்கு பேர் நின்றார்கள். கடை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, யார் மௌத்து, ஜனாஸா எப்போது என்று விசாரிக்க வந்தவர்கள். எங்கள் கார் நின்றதும் அவர்கள் ஒவ்வொருவராகச் சலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் அதைச் சொன்ன மெதுவில் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

வாப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்: வேலியைக் கட்டியது நானில்லை, உயரத்தை நீங்களும் பார்க்கவில்லை. அவர் எதுவும் கேட்கவில்லை. நாட்கணக்கில் வீட்டில் பேச்சே இல்லை. கடைசியில் ஒரு மழை நாளில் உம்மாதான் வாயைத் திறந்தார்: "குசினிக்கு மேல ஒரு ஓடு ஒடஞ்சீக்குது. வாசல் பக்கமிருந்து ரெண்டாவது வரி." வாப்பா நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தார். அது எங்கிருந்து தெரிந்தது என்பது அவருக்குப் புரிந்த கணத்தை நான் கண்டேன். எழுந்து வெளியே போய்விட்டார். ஓடு மாற்றப்பட்டது.

தெருவில் எனக்குப் பெயர் வந்தது. ராட்டின ராணி. முதலில் பையன்கள், பிறகு அவர்களின் சகோதரிகள். கண்டிப் பக்கத்து வியாபாரி வீட்டிலிருந்து அதற்குப் பிறகு ஆள் வரவில்லை. மறுப்பும் வரவில்லை, பேச்சை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் கல்யாணத்தை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. ஆனாலும் ஒருவர் நம்மை வேண்டாம் என்று சொல்லக்கூட மெனக்கெடாமல் போவது வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தக் கலாசாலை எப்ப தொறக்குது?"

சொன்னேன்.

"போ. ரெண்டு வருஷம் ஊர்ல இல்லாம ஈந்தா சனம் மறந்துரும். இங்க ஈந்தா ஒனக்கும் கேலி, எனக்கும் பள்ளிவாசலுக்குப் போக ஏலாது."

மாமி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. நான் மாதக்கணக்கில் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த நியாயங்கள், அறிவு பற்றியது, சமூகம் பற்றியது, எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்றையும் யாரும் கேட்கவில்லை. கறைபட்ட சாமானைக் கண்ணுக்கு எட்டாமல் பரணில் வைப்பதுபோல என்னைக் கலாசாலையில் வைத்தார்கள். நான் ஆசைப்பட்ட இடம்தான். விடுதியில் மற்றப் பெண்கள், "உங்கட வாப்பா எப்படி விட்டார்?" என்று கேட்பார்கள். நான் பாடப் புத்தகத்தை விரித்துக்கொள்வேன்.

இப்போது மாத்தளைக்கு வடக்கே, நாலந்தாவுக்குப் பக்கத்து முஸ்லிம் கிராமம் ஒன்றில் படிப்பிக்கிறேன். போன பரிசளிப்பு விழாவுக்கு வாப்பாவும் வந்திருந்தார். பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் எழுந்து பேசினார். ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல், தன் மகளை முதன்முதலாக வெளியூருக்குப் படிக்க அனுப்பிய துணிச்சலான தகப்பன் இங்கே இருக்கிறார் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாப்பா மடியில் கிடந்த கைகளைப் பார்த்தார். நான் மேடையின் ஓரத்தில் நின்று மேசை விரிப்பைச் சரிசெய்தேன்.

திரும்பிப் போகுமுன் பஸ் தரிப்பில் அவர் சொன்னார்: "அந்த மனுசன் சொன்னது அப்பிடியில்லண்டு நீ சொல்லீக்கலாம்."

"நீங்களும் சொல்லல்லியே வாப்பா."

"நான் எப்பிடிச் சொல்ற?"

பஸ் வந்தது. அவர் ஏறிப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை, படிப்பை நிறுத்தி வீட்டில் வைத்திருந்த ஒரு பிள்ளையை அவளுடைய தகப்பன் கூட்டி வந்தார். விறகு வியாபாரி. வகுப்பு வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"பெரிய புள்ளயாகிட்டாள், இனிப் போதும்டுதான் ஈந்தேன் டீச்சர். அண்டைக்கு உங்கட வாப்பாவப் பத்திச் சொன்னதக் கேட்ட பொறகு எனக்கு வெக்கமாப் போச்சு. அவருக்கு ஈந்த துணிவுல பாதியாவது எனக்கும் வேணாமா?"

உண்மையைச் சொன்னால் அவர் பிள்ளையோடு திரும்பிப் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை அவருடைய இடுப்புச் சாரனின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வாங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல், பிள்ளையிடம் பெயரைக் கேட்டேன்.